மேலிருந்து விழும் வெளிச்சம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் டச்சப். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கடைப் பலகையில் இருக்கத்தான் இருக்கிறது. அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்கு மேலே, ஏறினால் மூச்சு வாங்குகிற மாடியில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ. உள்ளே ஒரு சுழல் ஸ்டூல், சாம்பல் நிறத் திரை, கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டிப்போட்ட சீப்பு. கட்டாவிட்டால் அதுவும் வாடிக்கையாளரோடு படியிறங்கிவிடும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு உட்கார்ந்தீர்கள் என்றால் நாலு முகப்பருவும் ரெண்டு நாள் அலைச்சலும் காணாமல் போய்த்தான் வெளியே வருவீர்கள். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. அவர் கை தானாகப் போய்விடும். ஒருமுறை ஒரு அம்மாள் தன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு, யாரு இது?" என்று கேட்டார்.

அதற்காக அவரைப் பொய்க்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. இளகிய மனசு, அவ்வளவுதான். ஒருவர் தன் முகத்தைப் பார்த்துச் சுருங்கிப்போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். பரிசோதனைக்கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தும்போது "வலிக்காது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வலிக்கும், கொஞ்ச நேரந்தான்" என்பார். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று தெருவே வியக்கும். ஒத்துப்போய், ஒன்பது வயதில் ஒரு வாயாடி மகளும் பதினாறு வயதில் வாயே திறக்காத ஒரு மகனும் இருக்கிறார்கள்.

மகன் பேசாவிட்டால் என்ன, அவன் டேபிள் டென்னிஸ் மட்டை பேசும். முதல் தடவை அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போன அன்று டச்சப் கேமராவைத் தூக்க மறந்து நின்றுவிட்டார். எதிரே நிற்கிறவன் அடிப்பதற்கு முன்னாலேயே பந்து எங்கே வரும் என்று பையனின் கால்களுக்குத் தெரிந்திருந்தது. முகவாய் மேசை விளிம்பைத் தொடுகிற அளவுக்குக் குனிவான். தலை தாழ்ந்து, முதுகு வளைந்து, கண் மட்டும் மேலே. அப்புறம் ஒரு வீச்சு. பந்து போனதே தெரியாது, சத்தம்தான் வரும். 'இதை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? நாம பெத்ததுதானா இது?' என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். தெருமுனை தாண்டினாலே மூச்சிரைக்கிற பரம்பரை அவருடையது.

போன வருஷம், பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமென்று பையன் ஸ்டூடியோவுக்கு வந்தான். அப்பாவும் மகனும் வேறு எதற்கோ சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோதுதான் டச்சப் பார்த்தார். நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே போயிருந்தன. வகிடு இருக்க வேண்டிய இடம் அகன்று, உச்சியில் தோல் மினுங்கியது. அவருக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னமும் சீப்பு உடைகிற முடி. பையனுக்குப் பதினைந்து.

அவர் யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்குள் கை போய்விட்டது. பக்கத்து முடியை எடுத்து இங்கே வைத்து, ஓரத்தை மெழுகி, உச்சியை நிரப்பி, அச்செடுத்துக் கையில் கொடுத்தும் விட்டார். பையன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அடுத்த வாடிக்கையாளர் வந்து செருமும் வரை டச்சப் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை ஆளுக்கொரு பக்கம் இருந்து செய்தார்கள். உடைத்தவள் சின்னவள். ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "அண்ணா, உன் முடிக்குள்ள லைட்டு தெரியுதுடா" என்றாள். அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். பையன் தட்டைப் பார்த்தான். டச்சப் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார், அது கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை அம்மா அவன் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முடி இல்லை. குளியலறைச் சல்லடையிலும் ஒன்றும் இல்லை. கொட்டுகிற தலைக்கு இவ்வளவு சுத்தம் எப்படி வரும்? கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

"தினமும் எழுந்ததும் டேப்பு ஒட்டி எடுத்துடுவேம்மா. குளிச்ச பிறகும் அள்ளிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"உங்கிட்ட சொல்லலாம். நீ அப்பாகிட்ட சொல்லுவ. அப்பா தாங்க மாட்டாரும்மா."

கதவுக்கு அந்தப் பக்கம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த டச்சப்பின் விரல் அப்படியே நின்றது. இந்தப் பிள்ளை தினமும் காலையில் தன்னிடமிருந்து உதிர்ந்ததைத் தானே பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல் வந்து "போயிட்டு வரேம்ப்பா" என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறது. அதுவும் யாருக்காக? ஒரு பொடியன் தூக்கிச் சுமந்த சுமையை நினைக்க நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அழுகை வந்தது. அழுதால் தாங்க மாட்டார் என்பது நிரூபணம் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு, இது வம்சவழியில் வருவதுதான், இந்த வயதிலேயே சிலருக்குத் தொடங்கும், பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றார். தடவ மருந்து உண்டு, பலன் தெரிய மாசக்கணக்கில் ஆகும், எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வம்சம் என்றதும் டச்சப் மனைவியைப் பார்த்தார். மனைவியின் தம்பிக்குத் தலை இருபத்தைந்து வயதிலேயே பளபளவென்று ஆகிவிட்டது. "என்னைப் பாக்காதீங்க, அப்பா வழியிலயும் வருமாம்" என்றார் அந்த அம்மாள், டாக்டர் எதிரிலேயே.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா மகன் தோளில் கை போட்டுச் சொன்னார்: "மருந்து தடவிப் பாக்கலாம். மயிரைக் கட்டி மலையை இழுக்கறோம். வந்தா மலை."

"போனா மயிரு" என்று முடித்தான் பையன். "அதான் ஏற்கெனவே போயிட்டிருக்கும்மா."

அம்மாவும் மகனும் பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். டச்சப்புக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி இவனால் முடிகிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்க முடியாதவர் வேறு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வெளிச்சம். படம் எடுக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தலைக்கு நேர் மேலே இருந்து விழுகிற வெளிச்சம் பொல்லாதது. கண்ணுக்குக் கீழே குழி பறிக்கும், அடர்ந்த முடியைக்கூடக் குறைத்துக் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணி போட்டு வீட்டுக் கூடத்தின் மேல் விளக்கைக் கழற்றினார். அதற்குப் பதிலாகச் சுவரில், முகத்தின் உயரத்துக்கு, இரண்டு சின்ன விளக்குகளைப் பொருத்தினார். அடுத்த வாரம் சமையலறை. அதற்கடுத்து குளியலறைக் கண்ணாடி.

"எதுக்குங்க இது?" என்றார் மனைவி.

"கரண்ட் மிச்சம்."

கரண்ட் மிச்சமானது, வெங்காயம் கருகியது. சின்னவள் வீட்டுப்பாடம் எழுத வாசற்படிக்கு ஓடினாள். மனைவி கட்டில் காலில் இடித்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது என்று கத்தினார். வெளியே ஓட்டலுக்குப் போனாலும் டச்சப் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். பிறகுதான், "தம்பி, நீ இந்தப் பக்கம் உக்காரு" என்பார். பையனும் அவர் காட்டிய இடத்தில் உட்காருவான். அவனுக்குப் புரியாமலா இருக்கும்? மேல்விளக்கைக் கழற்றிய அன்றே ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆட்டத்திலும் அது வந்து சேர்ந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருநாள் அம்மாவைப் போனில் கூப்பிட்டார். "பையன் குனியவே மாட்டேங்கறான், மேடம். விறைப்பா நின்னுக்கிட்டு ஆடறான். போன மாசம் ஜெயிச்ச பசங்ககிட்டல்லாம் தோக்கறான். என்னன்னு கேளுங்க."

கேட்டார். விளையாட்டு அரங்கில் ஒவ்வொரு மேசைக்கும் நேர் மேலே விளக்கு, ஆடும்போது தொப்பி போட விடமாட்டார்கள். யாரோ ஒரு பையன், இவன் குனிந்து நிற்கும்போது மேல் படிக்கட்டிலிருந்து படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருக்கிறான்.

"வர்ற சனிக்கிழமை பள்ளிகளுக்குள்ள போட்டி இருக்கும்மா. பேரு குடுத்துட்டேன், அது மட்டும் ஆடிடறேன். அதோட நிறுத்திக்கறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

டச்சப் அன்று சாப்பிடவில்லை. முடி போவதை அவர் ஒருவழியாக விழுங்கிக்கொண்டு வந்தார். ஆட்டம் போவதை எப்படி விழுங்குவது? அந்தக் கால், அந்த வீச்சு, கடவுள் கொடுத்ததோ எங்கிருந்து வந்ததோ, அது நின்றுபோகும் என்றால் அந்த வீட்டில் என்ன வெளிச்சம் இருந்து என்ன? சனிக்கிழமைப் போட்டியைப் படமெடுக்கப் பள்ளிக்கூடம் அவரைத்தான் கூப்பிட்டிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை, ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே அவர் அரங்குக்குப் போய்விட்டார். கக்கத்தில் ஒரு சுருள் பட்டர் பேப்பர், கையில் டேப்பு. விளக்கின் முரட்டு வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குவதற்காக ஸ்டூடியோவில் விளக்குமுன் கட்டுகிற தாள் அந்த பேப்பர். அரங்கின் காவலாளி தெரிந்தவர்தான்.

"இந்த லைட்டுல போட்டோ எடுத்தா எல்லாரும் பேய் மாதிரி வருவாங்க, அண்ணே. ரெண்டு ஷீட்டு ஒட்டிக்கறேன்" என்றார் டச்சப்.

"ஒட்டிக்கங்க. எனக்கென்ன?" என்று ஏணியைக் கொடுத்துவிட்டுக் காவலாளி டீ குடிக்கப் போனார்.

பையன் எந்த மேசையில் ஆடுவான் என்று தெரியாது. அதனால் எல்லா மேசைகளுக்கும் மேலே ஒட்டினார். ஒரு தாள் போதாதென்று பட்டபோது இரண்டாக்கினார், சில இடத்தில் மூன்று. இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது. நிலா வெளிச்சம் போல இதமாக விழுந்தது. எந்த உச்சியையும் காட்டிக்கொடுக்காத வெளிச்சம். வாழ்நாளெல்லாம் முகங்களுக்கு விளக்கு வைத்த மனுஷருக்கு, அங்கே பந்து என்று ஒன்று உண்டு என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் ஞாபகம் வந்தது. முதல் சர்வீஸிலேயே ஒரு பையன் காற்றில் மட்டையை வீசிவிட்டுத் திகைத்து நின்றான். அடுத்த மேசையில் பந்து ஒருத்தியின் மூக்கில் பட்டது. பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு தகப்பனார் எழுந்து, "என்ன சார், இருட்டுல ஆடச் சொல்றீங்க?" என்று சத்தம் போட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரு இதை ஒட்டினது?"

டச்சப் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் தான் முழுசாக மறைந்துவிடுவோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. 'நான்தான்' என்று சொன்னால் 'ஏன்' என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இத்தனை பேரும் திரும்பி அந்தத் தலையைப் பார்ப்பார்கள்.

கேமராவின் கண் வழியே அவர் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான், தாளை ஒட்டியிருந்த டேப்பின் நுனிகள் மடிக்கப்பட்டிருந்தன. பிரிக்கச் சுலபமாக இருக்குமென்று அப்படி மடித்து ஒட்டுகிறவர் உலகத்தில் ஒருவர்தான், அது அவனுக்குத் தெரியும். பையன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மட்டையை அதன்மேல் வைத்தான்.

"எங்கப்பா ஒட்டினது சார்," என்றான். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. "அதோ நிக்கறாரே, போட்டோகிராபர். எனக்காகத்தான் ஒட்டினாரு. எனக்கு முடி கொட்டுது, மேல லைட்டு விழுந்தா தெரியும்னு அவருக்கு மனசு கேக்கல. ஏணி எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் எடுத்துடறேன்."

டச்சப் கேமராவை இறக்கினார். பயமும் வெட்கமும் எங்கே போயினவோ தெரியவில்லை. தன்னுடைய அப்பன் செய்த கோமாளித்தனத்தை ஊரறிய, தலைநிமிர்ந்து, 'எங்கப்பா' என்று ஒருவன் சொல்ல முடியுமா? தான் அந்தத் தலையை மறைக்க ஓடிய ஓட்டமென்ன, இவன் தன்னை மறைக்காமல் நிற்கிற நிற்பென்ன!

காவலாளி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பையன் ஏறினான். விளக்கு அவன் தலைக்கு ஒரு முழம் மேலே. முதல் தாளைப் பிரித்ததும் வெளிச்சம் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தது போல அவன்மேல் கொட்டியது. நெற்றி, வகிடு, உச்சி, எதுவும் பாக்கியில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பையன், "டேய், கிட்டப் போனா இன்னும் மின்னுதுடா" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பையன் ஏணியிலிருந்தே குனிந்து பார்த்தான். "இப்ப நல்லா தெரியுதுல்ல? பந்தும் தெரியும், ஆட வா" என்றான்.

இந்த முறை அரங்கே சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு, இதில் யாரும் சின்னதாகிப் போகவில்லை. அவன் இறங்கி, ஏணியை நகர்த்தி, அடுத்ததில் ஏறினான். மேசை மேசையாக வெளிச்சம் திரும்பி வந்தது. பிரித்த தாள்களைச் சுருட்டி அப்பா கையில் கொடுத்தபோது, "வேஸ்ட் பண்ணாதீங்க, இன்னும் யூஸ் ஆகும்" என்று மட்டும் சொன்னான்.

பிறகு ஆடினான். குனிந்தான். முகவாய் மேசை விளிம்புக்கு வந்தது, முதுகு வளைந்தது, உச்சந்தலை அரங்கம் முழுவதற்கும் நேராகத் தாழ்ந்தது. ஒரு வருஷமாக ஓரக்கண்ணால்கூடப் பார்க்கத் துணியாத இடத்தை டச்சப் கண்கொட்டாமல் பார்த்தார். மெல்லிய முடிக்கிடையே பையனின் சுழி தெளிவாகத் தெரிந்தது. அழகான சுழி. பதினாறு வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை. சர்வீஸ் வந்தது, அந்தக் கால்கள் முன்பே அங்கே போய் நின்றன, சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு சார் அந்தப் பையன்? அடேயப்பா!" என்றார் பக்கத்தில் இருந்த யாரோ. டச்சப் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார்.

முதல் செட் பையனுக்கு. இரண்டாவது எதிராளிக்கு, அவனும் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாவதற்கு முன்னால் ஒரு நிமிஷ இடைவேளை. பையன் மூச்சு வாங்கிக்கொண்டு ஆசிரியர் இருந்த பக்கம் போகாமல், தடுப்புப் பலகைக்கு இந்தப் புறம் நின்ற அப்பாவிடம் வந்தான். கண்ணை இடுக்கியிருந்தான்.

"டவல் இருக்காப்பா?"

கேமரா துடைக்கிற சின்னத் துண்டுதான் இருந்தது. நீட்டினார். பையன் அதை வாங்காமல், கையிரண்டையும் முழங்காலில் ஊன்றி, தலையை அப்படியே அவர் முகத்துக்கு நேரே தாழ்த்திக் காட்டினான்.

"நீங்களே துடைங்க. முடி இல்லன்னா வேர்வை நேராக் கண்ணுல இறங்குது. அடுத்த மேட்ச்சுக்குப் பெரிய டவலா கொண்டு வாங்க."

அடுத்த மேட்ச் என்றான். டச்சப் துண்டை அந்த உச்சியில் வைத்தார். கூடு கட்டுகிற குருவியைத் தொடுவது போல முதலில் தொட்டார், பிறகு கையால் நன்றாக அழுத்தித் துடைத்தார். நெற்றியின் இரண்டு ஓரமும், வகிடும், சுழியும், சூடாக, ஈரமாக, மகனின் முழுத் தலையும் அவர் கைக்குள் இருந்தது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நடுவர் கையைத் தூக்கியது அவருக்குத் தெரியவில்லை.

"விடுங்கப்பா," என்றான் பையன், தலையை நிமிர்த்தாமலேயே. "கூப்பிடறாங்க."